சமீரா வைத்த புள்ளி

பழைய இரும்பு என்றால் உக்கடத்தில் அப்துல் மஜீதைத்தான் கேட்க வேண்டும். தேய்ந்த கலப்பைக் கொழுவிலிருந்து மூடிப்போன மில்லின் பல்சக்கரம் வரை அவர் கடை முற்றத்தில் குவிந்து கிடக்கும். மஜீத் பாய் கடையில் இல்லாத இரும்பு இன்னும் பூமிக்குள்தான் இருக்கும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வாய்த்த ஒரே மகளுக்கு இரும்பே ஆகாது என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

ஆகாது என்றால் உடம்புக்கு இல்லை, தொழிலுக்கு. சமீரா பௌதிகம் படித்தவள். படிப்பு முடித்ததும் டீச்சர் வேலைக்குப் போவாள் என்று மஜீத் நினைத்துக்கொண்டிருந்தார். அவளோ கணபதியில் லட்சுமணசாமி என்ற எஞ்சினியர் மாடி அறையில் நடத்திவந்த நிலத்தடி ஆய்வுக் கம்பெனியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பூமிக்குள்ளே பாறை எப்படி ஓடுகிறது, விரிசல் எங்கே இருக்கிறது, தண்ணீர் எங்கே தங்கும் என்று மேலே நின்றபடியே கண்டுபிடிக்கிற வேலை. போகிற ஊரில் எல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான். "ஏனுங்க, வெடி வெப்பீங்களா?" வெடி வைத்து அதன் அதிர்வைக் கேட்டுப் பார்க்கிற வழி ஒன்று உண்டு. அது எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம். லட்சுமணசாமியிடம் இருந்தவை சாதுவான இரண்டு கருவிகள். ஒன்று, நாலு கம்பியை மண்ணில் அடித்து மின்சாரம் விட்டு, மண் அதை எவ்வளவு சுலபமாகக் கடத்துகிறது என்று பார்க்கிற பெட்டி. ஈரமும் விரிசலும் இருக்கிற இடத்தில் மின்சாரம் சுலபமாக ஓடும், முழுப்பாறையில் முரண்டு பிடிக்கும். இன்னொன்று, ஹைதராபாத்திலிருந்து இரண்டாம் கையாக வாங்கிவந்த காந்தமானி. அதுதான் சமீராவின் செல்லம்.

பூமியே ஒரு பெரிய காந்தம். அடியில் இருக்கிற பாறையின் குணத்துக்கு ஏற்ப அதன் இழுப்பு இடத்துக்கு இடம் ஒரு நூல் ஏறும், ஒரு நூல் இறங்கும். நம் காலுக்குத் தெரியாத அந்த நூலைக் காந்தமானி கண்டுபிடித்துவிடும். முதுகில் கட்டிய கழியின் நுனியில் பாட்டில் மாதிரி ஒரு உருளை. மார்பில் ஒரு பெட்டி. நேர்கோட்டில் நடந்து, நின்று, பொத்தானை அமுக்கினால் நம்பர் வரும். நம்பர்களைத் தாளில் கோடாக வரைந்தால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரியும். கொங்குச் சீமையில் மண்ணுக்கு அடியில் பல இடங்களில் கருங்கல் சுவர் எழுப்பியது போலப் பாறை ஓடுகிறது. மலைப்பக்கமிருந்து கசிந்து வரும் தண்ணீரை அந்தச் சுவர் அணை மாதிரி தடுத்து நிறுத்தும். சுவரைக் கண்டுபிடித்தால் தண்ணீருக்குப் பாதி தூரம் வந்தாயிற்று.

ஆனால் அந்த மிஷினுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. பக்கத்தில் துளி இரும்பு இருந்தாலும் பூமியை விட்டுவிட்டு அதை மோந்துகொண்டு நிற்கும். அதனால் சமீரா ஒரு வயலில் இறங்கினால் முதலில் நடப்பது சோதனைதான். சாவிக்கொத்து, கைக்கடிகாரம், பெல்ட், பேனாக்கத்தி, செருப்பின் லாடம் எல்லாம் கழட்டி வைக்க வேண்டும். வரப்பில் வேடிக்கை பார்க்க வந்த பஞ்சாயத்துத் தலைவர் ஒருவரை, பெல்ட் பக்கிளுக்காகப் பக்கத்துத் தோட்டம் வரை விரட்டியிருக்கிறாள். அவர் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு போனதை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. தன்னிடம் அதைவிடக் கறார். துப்பட்டாவுக்கு ஊசி கிடையாது. கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த அவள் கணவன் சிக்கந்தர், அவளுக்கென்று பித்தளையிலேயே கொக்கி, ஊக்கு, பைக்கு வளையம் எல்லாம் கடைந்து கொடுத்திருந்தான். சில பேர் பொண்டாட்டிக்குத் தங்கம் வாங்கிக் கொடுப்பார்கள். சிக்கந்தர் கொடுத்தது பித்தளை, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு அவள் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே!

மஜீதுக்கு மட்டும் இது தொண்டையில் சிக்கிய முள். கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால், "ஆபீஸ்ல எழுத்து வேலைங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார். மகள் காட்டிலும் மேட்டிலும் அளந்துகொண்டு நடக்கிறாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சமீராவுக்கு அது தெரியும். வலிக்கத்தான் செய்தது, ஆனால் அத்தாவிடம் அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வலிக்க இன்னொரு காரணமும் இருந்தது. அவள் நடந்து அளந்த வயல்களில் எல்லாம் கடைசியில் "இங்கே போடுங்க" என்று முளை அடித்தது லட்சுமணசாமிதான். அந்த முளைக்குத்தான் தொழிலில் புள்ளி என்று பேர். புள்ளி வைத்தவர், போர் எனும் ஆழ்குழாய்க் கிணற்றுக்குத் துளை ஓட்டும்போது குழாய் வாயில் நிற்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் ஒரு வழக்கம். புழுதி பறந்தால் பூசிக்கொள்ள வேண்டும், தண்ணீர் பீறிட்டால் நனைய வேண்டும். பேரும் அவருக்கு, பழியும் அவருக்கு. சமீரா எத்தனையோ தடவை ஜீப்பில் காயாமல் உட்கார்ந்து, லட்சுமணசாமி சொட்டச் சொட்ட நனைந்து சிரிப்பதைப் பார்த்திருக்கிறாள். அந்தச் சேற்றுத் தண்ணீருக்கு அவள் ஏங்கினாள்.

தொண்ணூற்றைந்தில் மழை ஏமாற்றியபோது கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து தம்பிதுரை வந்தார். தென்னந்தோப்புக்காரர். கிணறு வறண்டு, வேறு ஆட்களை வைத்துப் போட்ட இரண்டு போரும் தண்ணீர் வராமல் புகைந்துவிட்டன. தோப்பில் ஓலை தொங்க ஆரம்பித்திருந்தது. "இன்னொண்ணும் பொய்யாப் போச்சுன்னா மரத்தை வெட்டிப்போட்டு நிலத்தைச் சூளைக்காரனுக்கு உட்டுடறனுங்க. எங்கப்பன் வெச்ச மரம். நானே கோடாலி எடுக்கோணும்" என்று சொல்லும்போது அவர் மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அவர் போனபின் லட்சுமணசாமி சமீராவைக் கூப்பிட்டார். "இது உன் வயல். புள்ளியும் நீயே வெக்கறே. தண்ணி வந்துச்சுன்னா இனிமே உன் புள்ளியை நான் திருத்த மாட்டேன். வரலைன்னா, நீ உள்ளயே உட்கார்ந்து படம் வரைஞ்சாப் போதும்ன்னு நாலு பேர் சொல்லுவாங்க. என்னால அவங்க வாயை அடைக்க முடியாது" என்றார். ஒளிவுமறைவில்லாத மனுஷன். அப்போது சமீராவுக்கு ஐந்தாம் மாதம். வீட்டில் எல்லோரும் பிரசவம் முடியட்டும் என்றார்கள். அவள் மறுநாளே கிளம்பிவிட்டாள்.

தம்பிதுரையின் நிலம் இரண்டு துண்டு. கிழக்கே தோப்பு. மேற்கே, மலையைப் பார்த்த பக்கம், வெறும் மானாவாரிக் காடு. இரண்டுக்கும் நடுவே ஒரு வறண்ட பள்ளம். பள்ளத்தில் ஒற்றைப் பனை. அந்தப் பள்ளத்தைப் பற்றி அந்தப் பக்கத்தில் நல்ல பேச்சு கிடையாது. உச்சி வேளையில் வயிற்றுப்பிள்ளைக்காரி அதைத் தாண்டக் கூடாது என்பார்கள்.

அதைச் சொன்னது தம்பிதுரையின் மனைவி சின்னாத்தாள். ஐம்பது வயது, கட்டைக் குரல், இடுப்பில் எப்போதும் குலுங்கும் சாவிக்கொத்து. வயிறு தெரியும் ஒரு பெண் முதுகில் கழியைக் கட்டிக்கொண்டு இறங்கியதைப் பார்த்ததுமே அவள் வரப்புக்கு வந்துவிட்டாள்.

"ஏன் கண்ணு, ஆம்பளைக ஆரும் இல்லியா உங்க ஆபீஸ்ல?"

"இருக்காங்கம்மா. அவங்களவிட நான் நல்லா நடப்பேன்."

"நடப்பே, நடப்பே. அந்தப் பள்ளத்துக்கு அக்கட்டாலயும் போகோணுமா?"

"போகாம எப்படிங்கம்மா? தண்ணி அங்கதான் இருக்குதோ என்னமோ."

சின்னாத்தாள் மேலே பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஏதோ செய்யப்போகிறாள் என்று தம்பிதுரைக்குத் தெரியும். சமீராவுக்கு எப்படித் தெரியும்?

வேலை இப்படி நடந்தது. தோப்புக் குடிசை அருகில் ஒரு இடத்தை மூலமாக வைத்துக்கொண்டு, அங்கே ஒரு நம்பர் எடுத்துவிட்டு சமீரா மேற்கே நடப்பாள். தோப்பு முழுக்க அளந்து, பள்ளத்தின் கரைக்கு வந்தால் அங்கே சின்னாத்தாள் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருப்பாள். உள்ளே மண் கலயத்தில் மோர், வாழையிலையில் கடலை உருண்டை. "அங்க ஒரு பொட்டு நெழல் இல்ல கண்ணு. இதைத் தோள்ல போட்டுக்க" என்று அவளே மாட்டிவிடுவாள். சமீரா முதல் நாளே பையைத் திறந்து பார்த்தாள், கலயத்தைத் தூக்கியும் பார்த்தாள். மண் கலயம், இலை, உருண்டை. அதில் இரும்பு எங்கே வரும்? பள்ளத்தைத் தாண்டி மேற்குக் காட்டை அளந்து முடித்துத் திரும்பும்போது, கரையில் பையை வாங்கிக்கொண்டு அவளை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சின்னாத்தாள் எழுந்திருப்பாள். ஒவ்வொரு கோட்டுக்கும் இதே சடங்கு. சமீராவுக்கு அது பிடித்துப்போயிற்று. அம்மா வீட்டில்கூட யாரும் அவளை இப்படி வழியனுப்பி வரவேற்றதில்லை.

படம் வரைந்தாள். எல்லாக் கோட்டிலும் தோப்புப் பக்கம் நம்பர் அமைதியாகப் படுத்திருந்தது. பள்ளத்தின் கரையில் படி ஏறியதுபோல் சட்டென்று உயர்ந்து நின்றது. கொஞ்சம் துள்ளல் இருந்தது, ஆனால் உயரம் உயரம்தான். பள்ளத்தோடு இரண்டு வேறு பாறைகள் சந்திக்கின்றன! சந்திப்பில் விரிசல் இருக்கும், விரிசலில் தண்ணீர் இருக்கும். மூலத்துக்குத் திரும்பி வந்து எடுத்த நம்பர்களும் மாறாமல் நின்றன. கம்பி அடித்து மின்சாரமும் விட்டுப் பார்த்தாள். சுலபமாக ஓடியது. பள்ளத்துக் களிமண்ணில் அது எப்படியும் ஓடும் என்று மனசின் ஒரு மூலை முனகியது. மற்ற மூலைகள் அதைப் பேச விடவில்லை. முதல் புள்ளி அல்லவா! கருவேல முளையைப் பள்ளத்தில் தன் கையாலேயே மரக்கட்டையால் அடித்து இறக்கினாள். அன்றைக்கு இரவு சிக்கந்தரிடம் அந்தப் படியைக் கையால் காற்றில் வரைந்து காட்டினாள்.

துளை போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நின்ற காலையில், ஒரு திருவிழாவுக்குச் சேருகிற கூட்டம் சேர்ந்துவிட்டது. தம்பிதுரையின் பங்காளிகள், பக்கத்துத் தோட்டக்காரர்கள், லட்சுமணசாமி எல்லோரும் இருந்தார்கள். மஜீதும் வந்திருந்தார். மகள் கேட்கவில்லை. சிக்கந்தர்தான், "மாமா, ஒரு நாள் வந்து பாருங்க" என்று இழுத்து வந்திருந்தான். அவர் ஜீப்புக்கு அந்தப் பக்கமாக, யாரிடமோ வழி கேட்க வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

முளைக்கு அருகில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்தார்கள். கற்பூரம் ஏற்றும் நேரத்தில் சின்னாத்தாள் முகமெல்லாம் சிரிப்பாக முன்னால் வந்தாள். கையில் அந்தத் துணிப்பை. பையைப் புரட்டி, அடித்துணியின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். இரட்டைத் துணிக்கு நடுவிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்துப் பிள்ளையார் பக்கத்தில் வைத்தாள்.

உடைந்த அரிவாளின் நுனி. உள்ளங்கை நீளம்.

"இந்தப் புள்ள அந்தப் பாழாப்போன பள்ளத்தைத் தாண்டித் தாண்டிப் போச்சு. ஒரு தலைவலி, ஒரு காய்ச்சல் வந்துச்சா? இதுதான் காவல். இரும்பு வேண்டாம் வேண்டாம்ன்னு சொல்லுச்சு. வயித்துப்புள்ளக்காரியை வெறுங்கையோட உடறதுக்கு நானென்ன மனுசி இல்லியா? கண்ணுக்குத் தெரியாம வெச்சுத் தெச்சுப்போட்டேன். மிஷினும் ஒண்ணும் சொல்லல பாருங்க!"

கூட்டத்தில் பெண்கள் தலையாட்டினார்கள். அவர்களில் யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். உச்சியில் சோறு எடுத்துப் போகும் கூடையிலும், பிள்ளை பெற்றவள் பாயடியிலும் இரும்பு வைக்காத வீடு அங்கே எது?

அந்த அழகான படி சமீராவின் கண்ணெதிரே நின்றது. பள்ளத்தின் கரையில் ஏறிய படி. சின்னாத்தாள் பையை மாட்டிவிடும் அதே கரை. மூலத்தில் நம்பர் ஏன் மாறவில்லை? அங்கே பை இல்லை. மேற்கே ஏன் துள்ளியது? தோளில் பை ஆடியது. இரண்டு பாறையும் இல்லை, சந்திப்பும் இல்லை. அவள் அளந்தது ஒரு அரிவாள் நுனியை. கன கச்சிதமாக அளந்திருந்தாள்.

இதெல்லாம் அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் புரியவில்லை, லட்சுமணசாமி ஒருவரைத் தவிர. அவர் முகம் சுண்டியிருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. புள்ளி அவளுடையது.

ரிக்காரர் எஞ்சினை முடுக்கினார். பேசாமல் இருந்துவிடலாம். பூமி தயவு பண்ணினால் தண்ணீர் வந்தாலும் வரும். வராவிட்டால் மழை இல்லாத வருஷம் என்று ஆயிரம் சாக்கு உண்டு. ஆனால் வெட்டுப்படப்போவது தம்பிதுரையின் அப்பா வைத்த மரம். சமீரா முன்னால் போய், எஞ்சின் சத்தத்துக்கு மேலே கையை உயர்த்தினாள்.

"நிறுத்துங்க. இந்தப் புள்ளி தப்பு."

எஞ்சின் நின்றது. அந்த நிசப்தத்தில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இரும்பு என்ன செய்யும், பை எங்கே இருந்தது, படத்தில் என்ன வந்தது என்று சுருக்கமாக. "அம்மா மேல தப்பு இல்லீங்க. அவங்க என்னைக் காப்பாத்தத்தான் வெச்சாங்க. பையைத் திறந்து பார்த்த நான் தையலைத் தடவிப் பார்க்கல. புள்ளி வெச்சது நான். நான் திரும்ப அளக்கோணும்."

பங்காளி ஒருவர் சிரித்தார். "பொம்பளையையும் பொட்டியையும் நம்பி ரிக்கைக் கூப்புட்டே பாரு தம்பிதுரை, உன்னைச் சொல்லோணும்." கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு பரவியது. சின்னாத்தாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தம்பிதுரை அரிவாள் நுனியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு சமீராவைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குங்களா?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

"பொறவு ஏனுங்க சொன்னீங்க?"

"மரம் உங்களுதுங்க. புள்ளி என்னுதுங்க."

தம்பிதுரை துண்டை உதறித் தோளில் போட்டார். "ரிக் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகட்டும். அங்கயும் ஒரு போர் இருக்குது. முடிச்சுப்போட்டு வரட்டும். நீங்க அளங்க" என்றார். பிறகு பங்காளியைப் பார்த்து, "தப்புன்னு சொல்ற ஆளை நான் இன்னைக்குத்தான்டா பாக்கறேன். முன்னால ரெண்டு போர் போட்டுக் குடுத்தவனுக புழுதியைத் தொடச்சுட்டு வண்டி ஏறிட்டானுக" என்றார். ஜீப்புக்கு அந்தப் பக்கம் நின்ற மஜீத் கண்ணாடியைக் கழட்டித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மறுபடி அளக்கப் போனபோது, பள்ளத்தின் கரையில் சின்னாத்தாள் நின்றாள். கையில் பை இல்லை. நேற்றிலிருந்து அவள் சாப்பிடவில்லை என்று தம்பிதுரை சொல்லியிருந்தார்.

"கண்ணு, இந்தப் பள்ளத்துல நான் ஒண்ணைப் பறிகொடுத்தவ" என்றாள். "ஆறாம் மாசம். உச்சி வேளையில சோறு எடுத்துட்டு இதைத் தாண்டினேன். கையில இரும்பில்லாமப் போனேன்னு அத்தனை பேரும் சொன்னாங்க. நானும் அப்புடித்தான் நெனச்சுட்டு இருக்கறேன். உன்னை எப்புடி வெறுமனே உடுவேன், சொல்லு?"

அது இரும்பு இல்லாததால் நடக்கவில்லை என்று சமீரா சொல்லலாம். சொல்லி என்ன ஆகப் போகிறது?

"அப்ப நீங்களே வாங்கம்மா" என்றாள். "இரும்புக்குப் பதிலா நீங்க வாங்க."

சின்னாத்தாள் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தூங்கும்போதுகூட அவிழாத சாவிக்கொத்து. அதைக் கணவன் கையில் கொடுத்தாள். தலையிலிருந்த கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிக் கொடுத்தாள். முந்தானையை உதறிக் காட்டினாள். அவிழ்ந்த கூந்தலைக் கையால் முடிந்துகொண்டு, "நட கண்ணு" என்றாள்.

அன்று முழுக்க இரண்டு பேரும் நடந்தார்கள். சமீரா நின்றால் அவள் நிற்பாள். சமீரா பொத்தானை அமுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள், மூச்சுவிட்டால் மிஷின் கோபித்துக்கொள்ளும் என்பது போல. உச்சி வேளையில் பள்ளத்தின் நடுவே வந்தபோது அவள் கை சமீராவின் கையைப் பிடித்தது. சில்லென்று இருந்தது. அக்கரை ஏறும் வரை விடவில்லை. ஏறியதும் திரும்பிப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றாள். பல வருஷமாகப் பயந்த ஒரு பள்ளத்திடம் கேட்ட கேள்வி அது.

பள்ளத்துப் படி படத்திலிருந்து காணாமல் போயிருந்தது. கிழக்கும் மேற்கும் ஒரே மட்டம். ஆனால் அரிவாள் நுனியின் துள்ளலில் முன்பு அமுங்கிக் கிடந்த ஒன்று இப்போது தலைகாட்டியது. மேற்குக் காட்டின் நடுவே, ஒல்லியான ஒரு மேடு. அடுத்த கோட்டிலும் அது இருந்தது, கொஞ்சம் வடக்கே தள்ளி. அதற்கடுத்த கோட்டிலும் இருந்தது. சேர்த்துப் பார்த்தால் காட்டுக்கு அடியில் ஒரு கருங்கல் சுவர் சாய்வாக ஓடுகிறது. சமீரா இந்தத் தடவை சந்தோஷப்பட அவசரப்படவில்லை. பெட்டியின் பட்டையை அவிழ்த்துத் தடவிப் பார்த்தாள், தன் துணிகளை மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்த்தாள். பிறகு அதே கோடுகளை எதிர்த் திசையில் நடந்தாள். மேடு அசையவில்லை. சுவருக்கு மலைப்பக்கமாக, தண்ணீர் முட்டி நிற்கக்கூடிய பக்கத்தில், நாலு கம்பி அடித்து மின்சாரம் விட்டாள். கம்பிகளை அகலப்படுத்த அகலப்படுத்த, ஆழத்தில் ஒரு இடத்தில் பாறையின் முரண்டு தளர்ந்தது. களிமண் இல்லாத காடு அது, இந்தத் தளர்வுக்கு வேறு சாக்கு கிடையாது.

அங்கே முளை அடித்தாள். லட்சுமணசாமி தாள்களைப் பார்த்தார். அவர் மனசில் என்ன ஓடியதோ, "நீ பார்த்தாச்சுல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ரிக் திரும்பி வந்தபோது கூட்டம் இரட்டிப்பாகியிருந்தது. நல்லது நடந்தால் பார்க்க ஒரு கூட்டம், கெட்டது நடந்தால் பார்க்க இன்னொரு கூட்டம். சமீரா துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு குழாய் வாயருகில் போய் நின்றாள். வயிற்றுப்பிள்ளைக்காரியை அங்கே நிற்க வேண்டாம் என்று ரிக்காரர் சொன்னார். "புள்ளி வெச்சவங்க நிக்கோணும்ங்கண்ணா" என்றாள். சின்னாத்தாளும் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

புழுதி பறந்தது. வெள்ளைப் புழுதி, பிறகு சாம்பல் புழுதி. இரண்டு பெண்களின் தலையும் நரைத்துவிட்டது. குழாய் மேல் குழாயாக இறங்கியது. தம்பிதுரை தோப்புக்குப் போய்விட்டார். அவருக்கு அங்கே நிற்கத் தெம்பில்லை. பங்காளி பீடி பற்றவைத்து, "அதே புழுதிதான்" என்றார். சமீரா அசையவில்லை. பயம் இருந்தது. ஆனால் இந்தத் தடவை முனகுவதற்கு மனசில் ஒரு மூலையும் பாக்கி இல்லை.

புழுதி திடீரென்று குறைந்தது. குழாய் வாயில் கூழ் மாதிரி ஏதோ கொப்பளித்தது. ரிக்காரர், "அம்மணி, தள்ளுங்க!" என்று கத்துவதற்குள் அடியிலிருந்து ஒரு உறுமல் கிளம்பி, சேறும் தண்ணீருமாகப் பனை உயரத்துக்கு எழும்பி, அப்படியே அவள் தலைமேல் கொட்டியது.

சமீரா தள்ளவில்லை. முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். வாயில் மண், கண்ணில் மண். சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. சின்னாத்தாள் அவளைக் கட்டிக்கொண்டு, "வந்துருச்சு கண்ணு, வந்துருச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். தோப்பிலிருந்து தம்பிதுரை செருப்பில்லாமல் ஓடிவந்து, தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தார். கூட்டத்தில் யாரோ வெளியூர்க்காரர், "புள்ளி வெச்சது ஆருங்க?" என்று கேட்டார்.

"எம்மகளுங்க" என்றது ஒரு குரல். மஜீத் ஜீப்புக்கு இந்தப் பக்கம் வந்திருந்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு. கேட்டவர் நகர்ந்த பிறகும் இன்னும் இரண்டு பேரிடம், அவர்கள் கேட்காமலே, "எம்மகளுங்க" என்று சொன்னார்.

அதற்குப் பிறகு லட்சுமணசாமி அவள் புள்ளியைத் திருத்தியதில்லை. பொள்ளாச்சி, பல்லடம், காங்கேயம் என்று அவள் வைத்த புள்ளிகளில் தண்ணீர் வந்ததும் உண்டு, வராததும் உண்டு. பூமி யாருக்கும் அடிமைச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் சமீரா தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னாள் என்று எந்த ஊரிலும் ஒருவர்கூடச் சொன்னது கிடையாது.

பெண் குழந்தை பிறந்த நாற்பதாம் நாள் சடங்குக்குத் தம்பிதுரையும் சின்னாத்தாளும் உக்கடத்துக்கு வந்தார்கள். ஒரு வண்டி இளநீர், வெட்டுப்படாத மரங்களிலிருந்து. சின்னாத்தாள் குழந்தையை மடியில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு மடிச்சீலையை அவிழ்த்துச் சின்னதாக ஒரு காப்பை எடுத்தாள். இரும்புக் காப்பு. எண்ணெய் போட்டுத் தேய்த்துக் கறுகறுவென்று மின்னியது. அதைக் குழந்தையின் கைவரை கொண்டுபோனவள் அங்கேயே நிறுத்திவிட்டு, நிமிர்ந்து மஜீதைப் பார்த்தாள்.

"இந்தத் தடவை கேட்டுப்போட்டுத்தானுங்க போடுவேன். இந்தப் புள்ளைக்கு இரும்பு போடலாமுங்களா?"

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். மஜீத் சிரிக்கவில்லை. நாற்பது வருஷம் இரும்பு விற்றுச் சாப்பிட்ட மனுஷன், பேத்தியின் பிஞ்சு விரல்களைத் தன் கறுத்த கைக்குள் எடுத்து மூடிக்கொண்டார்.

"வேண்டாமுங்க" என்றார். "இவளும் அவங்கம்மா கூட நடக்கோணும்."